மணல் காயும்வரை

கவுண்டன்யா ஆற்றில் தண்ணீர் வந்த அன்றே
எங்கள் ஆடுகளம் மூழ்கிப்போனது.
இனி தை பிறந்து மணல் காயும்வரை
வாயால்தான் கபடி.

குடியாத்தத்தில் ராத்திரி ஒன்பதரை.
நவ்ஷத்தின் பேட்டரி கடையில் பாதி இறங்கிய ஷட்டர்.
ஆசிட் கேன்களைக் கவிழ்த்து ஆளுக்கொரு ஆசனம்.
ஸ்கோர் நோட்டு என் மடியில்.
எனக்கு ஆட வராது, எழுத வரும்.

முதல் சேதி: மதியழகன் போகிறான்.
பேரணாம்பட்டுக்கா?
இல்லை.
ஷூ கம்பெனியில் வேலை தருகிறேன் என்று
ஆம்பூர்க்காரன் அலைந்தானே, அங்கேயா?
அங்கேயும் இல்லை.
போலீஸ் டீமுக்கு.

சார்ஜில் கிடந்த பேட்டரி ஒன்று
குமிழி விடும் சத்தம் மட்டும் கேட்டது.

"துரோகம்" என்றான் தணிகாசலம்.
"சம்பளம்" என்றான் வரதப்பன்.
"அவங்கம்மா தீக்குச்சி அடுக்கி அடுக்கி
கண்ணு மங்கிப்போய் கீது, அது தெரியுமா உனக்கு?"
"தெரியும். மாசி மாசம் நம்மள அடிச்சது யாரு,
அது தெரியுமா உனக்கு?"

மாசி மாதம் அரையிறுதி.
இரண்டு நிமிஷம் பாக்கி, ஒரு புள்ளி பின்னால்.
போனஸ் கோட்டில் கால் பட்டதா இல்லையா என்பதில்
நாற்காலிகள் பறந்தன.
வேன் வந்தது.
எறிந்தவன் யார் என்று கேட்கவில்லை,
ஓடாதவனைப் பிடித்தார்கள்.
இமானுவேல் நன்றாக ஓடக்கூடியவன்.
மச்சானிடம் இரவல் வாங்கிய புதுச்செருப்பைத் தேடித்
திரும்பி வந்துவிட்டான்.

எங்கள் இடது மூலை அவன்.
கணுக்காலைப் பிடித்தால்
பிடித்ததுதான்.
இப்போது வலது முட்டி
மாடிப்படியில் சொடக்குப் போடுகிறது.
திங்கள்தோறும் ஸ்டேஷனில் கையெழுத்து.
வெளியூர் ஆட்டத்துக்கு அனுப்ப முடியுமா,
மூலைக்கு வேறு ஆள் பார்ப்பதா என்று
அவனை வைத்துக்கொண்டே பேசினோம்.
அவன் போல்ட்டுகளை அளவுவாரியாகப்
பிரித்துக்கொண்டிருந்தான்.

"கேஸைக் கோதண்டம் எடுத்துடுவாராமே?"
"எந்தக் கட்சியில் இருந்து?"
எல்லோரும் சிரித்தோம்.
போன வருஷ பனியனில் ஒரு நிறம்,
இந்த வருஷம் வேறு நிறத்தில் பன்னிரண்டு பனியன்,
முதுகில் அவர் படம்.
அச்சகத்துக்காரன் மை காயட்டும் என்கிறான்,
அதற்குள் அவர் மாறிவிடுகிறார்.
"மதி மாறினா துரோகம்.
அவரு மாறினா பனியன்" என்றான் வரதப்பன்.
தணிகாசலம் பதில் சொல்லவில்லை.
வார்டு எலெக்‌ஷனுக்கு
அவன் மாமன்தான் கோதண்டத்துக்கு பூத் ஏஜெண்ட்.

தேங்கிய மழைநீரில் நீல விளக்கு சுழன்றது.
ஏட்டு குனிந்து ஷட்டருக்குள் பார்த்தார்.
"பத்தாச்சு. இன்னா கூட்டம் இங்க?"
பேர், அப்பா பேர், தெரு.
செல்போனில் ஒவ்வொரு முகமாக எடுத்தார்.
என் முகத்துக்கு இரண்டு முறை, கண் மூடிவிட்டேனாம்.

ஜீப்பில் ஒரு கால் வைத்தவர் திரும்பினார்.
"மதி எங்ககிட்ட வந்துட்டான்.
இனிமே உங்களுக்கு முதல் ரெய்டு யாரு?"

துரோகம் என்றவன்தான் முந்திக்கொண்டான்:
"சலவன்பேட்டை சுதர்சனத்தைக் கேட்டிருக்கோம் சார்."
"அவனா? மூச்சு நிக்காதே."

"மூச்சு நிக்கும் சார்."
இமானுவேல் தலை தூக்கவில்லை.
"இடது மூலைன்னாதான் அவனுக்கு பயம்.
நான் ரெண்டு தபா புடிச்சிருக்கேன்."

ஏட்டு அவனையே பார்த்தார்.
எந்தக் காலை என்று
நினைவுபடுத்திக்கொள்கிறவர் மாதிரி.
"நீ..."
"திங்கக்கிழமை வரேன் சார்."

ஜீப் போனபின் நவ்ஷத் ஷட்டரை இறக்கினான்.
சுதர்சனம் பேருக்கு நேரே கேள்விக்குறி போட்டேன்.
இமானுவேல் முன்னால் நடந்தான்.
சேற்றுப்பள்ளம் வந்தது, தாண்டினான்.
பின்னால் நாங்கள் நான்கு பேர்,
பேச்சை நிறுத்திவிட்டு
அவன் வலது காலையே பார்த்தபடி.

"ஊனுறான்டா" என்றான் தணிகாசலம்,
மெதுவாக.
"இல்ல, இழுக்கறான்" என்றான் வரதப்பன்.